எப்போது போகிறது? கடலூரிலிருந்து ஒரு ஆவண நாட்குறிப்பு

ஜூன் 10, 2024, திங்கள்

எஸ்கியூஎல்ஆல்கெமியின் பப்ளிக் கிளாஸ்களுக்குத் தமிழில் விளக்கம் எழுத ஆரம்பித்துவிட்டேன். டேட்டாபேஸ் டேபிளில் இருக்கும் ஒரு வரியைப் பைத்தான் ஆப்ஜெக்டாக நம் கையில் தரும் லைப்ரரி அது. மைக் பேயர் 2006இல் முதலில் வெளியிட்டார். ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்கள் அதன் ஆங்கில ஆவணத்தில் தடுக்கி விழுவதை மூன்று வருடமாகப் பார்க்கிறேன்.

எதை எழுதுவது, எதை விடுவது? பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால் அது உள்வேலைக்கு, தொடமாட்டேன். டேட்டாபேஸ் தொடர்பைக் கவனிக்கும் எஞ்சின், ஆப்ஜெக்ட்களைக் கையாளும் செஷன், கேள்வியை அமைக்கும் செலக்ட், பதில் வரிகளைத் தரும் ரிசல்ட், இந்த நான்கும் முதலில். குவெரி என்ற பழைய கிளாஸ், 2023 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பிலும் ‘பழையது’ என்ற முத்திரையோடு இருக்கிறது. ஊரெல்லாம் பயன்படுத்தத் தொடங்கிய ஒன்றைத் திடீரென்று பிடுங்க முடியாதல்லவா. அதற்கு ஒரு பத்தி போதும்.

உதாரணத்துக்கு மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொண்டேன். கிளாஸ் பெயர் ‘படகு’, இன்னொன்று ‘ஏலம்’. பைத்தான் 3 தமிழ்ப் பெயரைத் தடையின்றி ஏற்கிறது. திரையில் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது.

ஜூன் 11

புதுச்சேரி பஸ்ஸில் போகும்போதே எஞ்சின் பகுதியை முடித்தேன். மதியம் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். “அக்கா, பாஸ்வேர்டைத் தப்பா போட்டுட்டேன், ஆனா எஞ்சின் எர்ரரே காட்டலையே?” என்றான். காட்டாது. எஞ்சினை உருவாக்கும் வரி டேட்டாபேஸை அழைப்பதே இல்லை. முதல் கனெக்‌ஷன் தேவைப்படும்போதுதான் கதவைத் தட்டும். நான் எழுதியதில் அந்தச் செய்தியே இல்லை. என்ன செய்கிறது என்று எழுதினேன், எப்போது செய்கிறது என்று எழுதவில்லை.

ஜூன் 12

இன்று முழுக்க செஷன்தான். ‘ஆட்’ என்று கொடுத்தால் டேட்டாபேஸுக்கு எதுவும் போகாது, செஷன் நினைவில் வைத்துக்கொள்ளும். ‘ஃப்ளஷ்’ வரும்போதுதான் வரியைச் சேர்க்கச் சொல்லும் இன்சர்ட் கிளம்பும். நாம் சொல்லாமலேயே, அடுத்த குவெரிக்கு, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் அடுத்த கேள்விக்கு, முன்னால் செஷன் தானாக ஃப்ளஷ் செய்துவிடும். அப்போதும் வேலை முடியவில்லை. ‘கமிட்’ வந்தால்தான் நிலைக்கும், ‘ரோல்பேக்’ என்றால் எல்லாம் பழையபடி.

இதை எப்படிச் சொல்வது? சித்தப்பா முதுநகரில் ஏலக் கணக்கு எழுதுகிறவர். கரையில் சிட்டையில் எழுதுவார், பணம் கைமாறிய பிறகு சாயங்காலம் பேரேட்டில் ஏற்றுவார். ஃப்ளஷ் சிட்டை, கமிட் பேரேடு என்று எழுதிவிட்டு, ராத்திரி அதை அடித்துவிட்டேன். சிட்டையை யாரும் எட்டிப் பார்க்கலாம். ஃப்ளஷ் ஆனதை, போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸில், கமிட் வரும்வரை அடுத்த கனெக்‌ஷன் பார்க்க முடியாது. கடைசியில் உவமையையும் வைத்து, அது எங்கே பொருந்தாது என்பதையும் பக்கத்திலேயே எழுதினேன்.

ஜூன் 13

ஆப்ஜெக்டின் ஐந்து நிலைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடி நாள் போய்விட்டது. டிரான்சியன்ட்: செஷனுக்கு இன்னும் தெரியாதது. பெண்டிங்: ஃப்ளஷுக்குக் காத்திருப்பது. இரண்டும் எளிது. பெர்சிஸ்டன்ட் என்றால் டேபிளில் வரி இருக்கிறது, செஷனும் அதைக் கவனிக்கிறது. அதற்குப் ‘பதிவானது’ என்று போட்டால் கமிட் ஆகிவிட்டதாகத்தான் படிக்கிறவர் நினைப்பார். கமிட்டுக்கு முன்பே ஒரு ஆப்ஜெக்ட் அந்த நிலையில் இருக்கலாம். ஆகவே பெர்சிஸ்டன்ட் அப்படியே நிற்கட்டும். டெலிட்டடுக்கு ‘நீக்கத்தில் உள்ளது’: டெலிட் போயிருக்கும், ஆனால் கமிட்டோ ரோல்பேக்கோ வந்து டிரான்சாக்‌ஷன் முடிந்திருக்காது, ரோல்பேக் செய்தால் திரும்பி வரும்.

செஷனை விட்டுப் பிரிந்த டிடாச்சட்டுக்குக் ‘கழன்றது’. இதில் எனக்குத் திருப்தி. தம்பி நேற்று மாட்டிக்கொண்டதும் இங்கேதான். கமிட் செய்தான், செஷனை மூடினான், பிறகு படகின் பெயரைக் கேட்டான், எர்ரர் வந்தது. கமிட் ஆனதும் ஆப்ஜெக்டில் இருந்த மதிப்புகளை செஷன் காலாவதியாக்கிவிடும். அடுத்த முறை கேட்டால் டேட்டாபேஸிலிருந்து புதிதாக எடுத்து வரும். மூடிய செஷன் எங்கே போய் எடுத்து வரும்? “பெயர் கண்ணு முன்னாடி இருந்துச்சேக்கா” என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதையே தலைப்பாக வைத்துவிட்டேன்.

ஜூன் 15, சனி

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. விடியற்காலையில் சித்தப்பாவோடு துறைமுகம் போனேன். ஐஸ் ஏற்றும் சத்தம், டீசல் வாடை.

வீட்டுக்கு வந்து 40 படகு, ஒவ்வொன்றுக்கும் சில ஏலங்கள் என்று மாதிரித் தரவு போட்டு, எஞ்சினில் ‘எக்கோ’வைத் திறந்து (போகும் ஒவ்வொரு குவெரியையும் திரையில் காட்டும்) ஓடவிட்டேன். படகுகளுக்கு ஒரு குவெரி, பிறகு ஒவ்வொரு படகின் ஏலங்களையும் தொடும்போது ஒன்று, ஆக 41. எல்லாப் படகுகளின் ஏலங்களையும் ஒரே குவெரியில் எடுத்து வரும் ‘செலக்ட்இன்லோட்’ சேர்த்ததும் மொத்தம் இரண்டே இரண்டு. எண்களை மட்டும் சொன்னால் மனதில் நிற்காது. திரையில் ஓடிய அந்த வரிகளை அப்படியே ஆவணத்தில் ஒட்டினேன், நீளம் பற்றிக் கவலைப்படவில்லை.

ஜூன் 17

எழுதியதை எல்லாம் முதலிலிருந்து திருத்தினேன். ஒவ்வொரு மெத்தடின் கீழும் முதல் வரி இப்போது ஒன்றுதான்: இது டேட்டாபேஸுக்குப் போகுமா, போனால் எப்போது? சில இடங்களில் பதில் ‘போகாது’ என்ற ஒரே சொல்.

ரிசல்ட் மட்டும் பாக்கி. அதில் இருக்கும் வரிகளை ஒருமுறை படித்துத் தீர்த்தால் மறுமுறை கிடைக்காது. இதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் உச்சியிலேயே எழுத வேண்டும்.