பதினான்கு முத்திரைகளும் ஒரு மலைவீடும்

நான் நான்கு மணி நேரம் பயணம் செய்து தேடிப்போன வீட்டின் சொந்தக்காரர், ஒசாகாவில் என் அடுக்ககத்திலிருந்து மூன்று ரயில் நிலையங்கள் தள்ளிக் குடியிருந்தார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதமும், ஷிக்கோக்கு தீவுக்கு மூன்று முறை போய்வந்த பஸ் கட்டணமும் ஆயின.

வீடு இருப்பது இயா பள்ளத்தாக்கில். ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் மிகச் சிறியது ஷிக்கோக்கு. அதன் கிழக்கில் தொக்குஷிமா மாகாணம். அதன் மேற்கு மலைகளுக்குள் இயா. 1985-இல் நருத்தோ பாலமும் 1998-இல் ஆகாஷிப் பாலமும் வந்த பிறகு, ஒசாகாவில் பஸ் ஏறினால் கடலைக் கடந்து மலையடிவார ஊரான அவா-இக்கெடா வரைக்கும் உட்கார்ந்தே போய்விடலாம். சிரமம் அதற்குப் பிறகுதான். ஷின்கான்சென் எட்டாத ஒரே பெருந்தீவு இது. தொக்குஷிமாவில் மின்சார ரயில்கூடக் கிடையாது, எல்லாம் டீசல். அங்குள்ளவர்கள் இன்றும் ரயிலை ‘கிஷா’, அதாவது நீராவி வண்டி என்றே சொல்கிறார்கள்.

இயாவின் உள்மலைகளுக்குள் போக 439-ஆம் எண் தேசியச் சாலை உண்டு. ‘தேசியச் சாலை’ என்பதற்கும் ‘கொடுஞ்சாலை’ என்பதற்கும் ஜப்பானிய மொழியில் ஒரே உச்சரிப்பு. இந்தச் சாலையை எல்லோரும் இரண்டாவது பொருளில்தான் சொல்கிறார்கள். எங்கள் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டிப் பழகியவன் என்ற திமிர் எனக்கு இருந்தது. எதிரே மரம் ஏற்றிய லாரி வந்தபோது, அரை கிலோமீட்டர் பின்னோக்கி ஓட்டியதில் அது இறங்கிவிட்டது.

2022 இலையுதிர் காலத்தில் முதல் முறை போனேன். எல்லோரையும் போல கொடிப்பாலத்தைப் பார்த்தேன். 45 மீட்டர் நீளம், ஆற்றுக்கு மேலே 14 மீட்டர் உயரம். காட்டுக்கொடியால் பின்னி, மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள். கொடிக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் கால் நடுங்கத்தான் செய்தது. 1185-இல் போரில் தோற்ற ஹெய்கே குலத்தார் இங்கே வந்து ஒளிந்தார்கள், எதிரி துரத்தி வந்தால் வெட்டிவிடலாம் என்றுதான் கொடியால் பாலம் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை. நாகொரோவுக்கும் போனேன். அங்கே சுகிமி அயானோ என்ற பெண்மணி, ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் பதிலாக ஆளுயரப் பொம்மைகளைச் செய்து வயலிலும் பஸ் நிறுத்தத்திலும் உட்காரவைத்திருக்கிறார். 2012-இல் மூடப்பட்ட பள்ளிக்கூடத்தில் ஆசிரியரும் மாணவர்களும் பொம்மைகள்தாம். புகைப்படம் எடுக்கக் கூச்சமாக இருந்தது. எடுத்தேன்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவை வீடுகள். இங்கே யாரும் ஆற்றங்கரையில் வீடு கட்டுவதில்லை. மலைச்சரிவின் நடுவயிற்றில், வெயில் படும் இடமாகப் பார்த்து, கல்லடுக்கி மேடை எழுப்பி அதன்மேல் கட்டுகிறார்கள். ஒச்சியாய் என்ற ஊரில் அடி வீட்டுக்கும் உச்சி வீட்டுக்கும் இடையே 390 மீட்டர் உயர வித்தியாசம். காலையில் பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம் நிறைந்திருக்கும்; வீட்டுத் திண்ணையில் வெயில் அடிக்கும். அப்படி ஒரு வீடு வேண்டும் என்று அன்றைக்கே மனத்துக்குள் எழுதிக்கொண்டேன். என் வேலை கணினியில் நடப்பது, எங்கிருந்தும் செய்யலாம்.

ஜப்பானில் காலி வீட்டுக்குப் பஞ்சமே இல்லை. 2023-இல் அரசு எடுத்த கணக்கில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. தொக்குஷிமாவில் நூற்றுக்கு 21 வீடுகள், நாட்டிலேயே முதல் வரிசை. உள்ளாட்சிகள் ‘காலி வீட்டு வங்கி’ என்று பட்டியல் வைத்திருக்கின்றன. வெளிநாட்டுக்காரர் வாங்கவும் பொதுவாகத் தடையில்லை. இதையெல்லாம் படித்துவிட்டு, ஒரு மாதத்தில் சாவி கைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். பட்டியலைத் திறந்தால் நான் கேட்ட மலைப்பகுதியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வீடுகள். நேரில் போனாலோ, மூன்று வீட்டுக்கு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய வீடு எல்லாம் விற்கிற வீடு அல்ல. உள்ளே சாமி மாடம் இருக்கும், பின்னால் குடும்பத்துக் கல்லறைகள் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை, ஓபோன் நாள்களில், முன்னோர் வீடு திரும்பும்போது பிள்ளைகளும் வந்து கதவைத் திறப்பார்கள். விற்றுவிட்டால் அந்த முன்னோர் எங்கே போவார்கள் என்பதுதான் அவர்கள் கவலை. விலை பேசும் இடமே அல்ல இது.

மூன்றாவது பயணத்தில் ஒரு சிற்றூரில் தங்கினேன். பெயரைச் சொல்லவில்லை, ஆள் இருப்பது ஒன்பது வீடுகளில், ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். அங்கே எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியின் களஞ்சியத்தில், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கதிர்களைப் பார்த்தேன். விரல் மடக்கிய கை போன்ற கதிர். கையில் கசக்கி ஊதினேன். கேழ்வரகேதான்! பாட்டி அதை ‘யத்சுமாத்தா’ என்றார். எட்டுக் கிளை என்று பொருள். ஜப்பானிய மொழியில் அதன் பொதுப்பெயர் ‘ஷிக்கோக்கு-பியே’, ஷிக்கோக்குச் சிறுதானியம். நாங்கள் களியும் கூழுமாகக் குடித்து வளர்ந்ததற்கு, ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு தீவின் பெயரை வைத்திருக்கிறார்கள். இந்த மாகாணத்தின் பழைய பெயரே அவா நாடு. அவா என்றால் தினை. குறிஞ்சிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் அவருடைய அடுப்பில் களி கிண்டினேன். அவர் அதில் உருண்டை பிடித்து அவிப்பதுதான் வழக்கமாம். என் களியைத் தின்று பார்த்து, “வாயில் ஒட்டுகிறதே” என்றார். பல் இல்லாததால் மெல்லாமல் விழுங்குவது வசதி என்றும் ஒப்புக்கொண்டார். அன்று மாலை, மேலே இரண்டாவது மேடையில் பூட்டிக் கிடந்த வீட்டைக் காட்டி, அதன் சொந்தக்காரரின் தொலைபேசி எண்ணை நாட்காட்டியின் பின்பக்கத்திலிருந்து எடுத்துத் தந்தார். மூன்று ரயில் நிலையங்கள் தள்ளி இருந்த அந்த மனிதர் அவர்தான்.

எழுபதைத் தாண்டியவர். தேநீர்க் கடையில் சந்தித்தோம். முதல் சந்திப்பில் மாட்டேன் என்றார், இரண்டாவதிலும் அதே பதில். 2023 ஓபோனுக்கு என்னையும் கூட வரச் சொன்னார். கல்லறைகளைச் சுற்றிப் புல் அறுத்தோம். எனக்கு அரிவாள் பிடிக்கத் தெரிந்தது அவருக்கு வியப்பு. திரும்பும் வழியில், தன் மகன் இந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டதைச் சொன்னார். பிறகு ஒரு துறவியை அழைத்து, சாமி மாடத்திலிருந்து ஆன்மாவை எழுந்தருளச் செய்யும் சடங்கு நடத்தி, மாடத்தை ஒசாகாவுக்கு எடுத்துப் போனார். கல்லறைகள் இங்கேயே இருக்கும், புல் அறுப்பது நான், ஓபோனுக்கு அவர் வருவார். இவ்வளவும் வாய்ப்பேச்சு. பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை.

பத்திரத்தைத் தொட்டபோது வந்தது இடி. பதிவேட்டில் வீடு அவர் பெயரிலும் இல்லை, அவர் அப்பா பெயரிலும் இல்லை. தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நம் ஊரில் பட்டா மாற்றாமல் மூன்று தலைமுறை ஓட்டுவதை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று இறுமாந்திருந்தேன். ஜப்பானில் வாரிசுப் பதிவு 2024 ஏப்ரல் வரை கட்டாயமே இல்லை. இப்போது, வாரிசு என்று தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் பதியவேண்டும். தவறினால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். இந்தச் செய்தி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்தது எங்களுக்குப் பெரிய உதவி. ‘யாரோ ஒரு இந்தியனுக்காக’ என்றால் அசைந்திருக்க மாட்டார்கள்.

பதிவு எழுத்தர் குடும்பப் பதிவேடுகளை ஊர் ஊராக வரவழைத்து ஒரு மரம் வரைந்தார். கிளைகளின் நுனியில் பதினான்கு பேர். வீடு இன்னாருக்கு என்று பதினான்கு பேரும் ஒப்புக்கொண்டு, கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயரில் பதிவு செய்த முத்திரையைக் குத்தி, முத்திரைச் சான்றிதழையும் இணைக்கவேண்டும். ஒருவர் குறைந்தாலும் காகிதம் காகிதம்தான். பன்னிரண்டு பேர் இரண்டு மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். ஒருவர், இவ்வளவு அலைகிறார்களே, மலையில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். அவரை நேரில் அழைத்துப் போய், ஒழுகும் கூரையைக் காட்டினோம், அன்றைக்கே குத்தினார். கடைசி ஆள் ஹொக்கைடோவில் ஒரு மூதாட்டி. கடிதத்துக்குப் பதில் இல்லை. ஏழாம் மாதம் அவரே பேசினார்: “முற்றத்து யூசு மரம் இருக்கிறதா?” இருந்தது. நவம்பரில் அதன் பழங்களை ஒரு பெட்டியில் அனுப்பினேன். முத்திரை வந்தது.

இடையில் சட்டப்படி எனக்கு விளக்கப்பட்டது இன்னொன்று. வீடு நிலச்சரிவு எச்சரிக்கை மண்டலத்தில், மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. சிவப்பு என்றால் திரும்பியிருப்பேன். இந்தச் சரிவில் மண் நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் ஊற்றும் விளைச்சலும் என்று பாட்டி சொன்னார். ஆறுதலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அடுத்தது வயல். வீட்டோடு சேர்ந்த இரண்டு துண்டு நிலம் விவசாய நிலம் என்பதால், உள்ளூர் வேளாண் குழுவின் அனுமதி இல்லாமல் கைமாறாது. முன்பெல்லாம் பொதுவாக அரை ஹெக்டேராவது பயிரிடுபவருக்குத்தான் நிலம். அந்த வரம்பு 2023 ஏப்ரலில் நீங்கியது. இல்லாவிட்டால் என் கைக்குட்டை அளவு நிலத்துக்கு வழியே இல்லை. படிவத்தில் என்ன பயிர், என்ன கருவி, வருடத்தில் எத்தனை நாள் உழைப்பு, எந்த நாட்டுக் குடியுரிமை என்று எல்லாம் உண்டு. பயிர் என்ற கட்டத்தில் ‘ஷிக்கோக்கு-பியே’ என்று எழுதினேன். நிலத்தைப் பார்வையிட வந்த குழு உறுப்பினர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். “உருளைக்கிழங்கு என்று எல்லோரும் எழுதுவார்கள்” என்றார். பிறகு ஒரு மணி நேரம், சரிவில் எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுத்தார்.

உண்மையாகவே நிற்பதற்குத்தான் பாடம் வேண்டும். இங்கே படிக்கட்டு வயல் போட மாட்டார்கள். சரிவு 40 பாகை வரை இருந்தாலும் அப்படியே உழுகிறார்கள். இலையுதிர் காலத்தில் ‘காயா’ என்னும் உயரமான புல்லை அறுத்துக் கூம்பு கூம்பாகக் கட்டி நிறுத்திக் காயவைத்து, பிறகு நறுக்கி வயலில் பரப்புகிறார்கள். அது உரமும் ஆகிறது, மழையில் மண் ஓடாமல் பிடித்தும் வைக்கிறது. அப்படியும் இறங்கும் மண்ணை, பல் வைத்த மண்வெட்டியால் கீழிருந்து மேலே இழுத்துவிடவேண்டும். நானூறு ஆண்டுகளுக்கும் மேலான இந்த முறையை 2018-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக வேளாண் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. என் முதுகு இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

2025 வசந்தத்தில் குடிவந்தோம். வீட்டின் விலை 6 லட்சம் யென். பழைய குழிக் கழிப்பறையை எடுத்துவிட்டு மலத்தொட்டி புதைக்க ஆன செலவு அதைப் போல இரண்டு மடங்கு. தண்ணீர் ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது. பெருமழை பெய்தால் இலை அடைத்து நின்றுவிடும், நான்தான் ஏறிப்போய் எடுக்கவேண்டும். குரங்குகளுக்கு வலை போட்டோம். அவை வலை போடுவதை மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன.

போன வாரம் முதல் முறையாகச் சுற்றறிக்கைப் பலகை எங்கள் வீட்டுக்கு வந்தது. அட்டையில் கிளிப் போட்ட ஒரே தாள்: அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, பாதையோரப் புல் வெட்டு, வீட்டுக்கு ஒருவர், காலை ஏழு மணி, இயந்திரம் இருப்பவர்கள் கொண்டுவரவும். கீழே ஒன்பது வீட்டுக் கட்டங்களுக்குப் பக்கத்தில் பேனாவால் பத்தாவது கோடு போட்டு, கட்டமாக்கி, எங்கள் பெயரை, வெளிநாட்டுப் பெயர்களுக்கான கத்தகானா எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஒரு எழுத்து தவறு. அதன்மேலேயே முத்திரையைக் குத்தினேன். அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அது பாட்டியின் தங்கை வீடு, மேலே பதினைந்து நிமிட ஏற்றம். மழை விட்டதும் கிளம்பினேன்.