சுவரில் மட்டும் தோற்ற துருக்கியர்

அக்டோபர் 3, குரா ஹுமொருலுய்

புக்கரெஸ்டில் ஏறிய ராத்திரி ரயில் காலையில் இங்கே இறக்கிவிட்டது. ருமேனியாவின் வடகிழக்கு மூலை, புக்கோவினா. வெளிச்சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய ஆர்த்தடாக்ஸ் மடங்கள் இந்த வட்டாரத்தில்தான். விடுதிக்கார அம்மா போட்ட முதல் உத்தரவு: "வொரொனெத்ஸுக்குக் காலையில் போகாதீர்கள், மேற்குச் சுவரில் வெயில் விழட்டும்." மறுபேச்சில்லாமல் படுத்துத் தூங்கினேன்.

அக்டோபர் 4, வொரொனெத்ஸ்

போட்டோவில் பார்த்துவிட்டுப் பெரிய கோயில் என்று நினைத்து வருபவர்கள் ஏமாறுவார்கள். சின்னக் கோயில். தலையைவிடப் பெரிய தொப்பி மாதிரி அகலமான மரக்கூரை. அப்போது இந்தப் பகுதியை ஆண்ட மொல்டாவிய அரசர் மகா ஸ்தெஃபான் 1488-இல் நாலு மாதத்துக்குள் கட்டி முடித்தார். வெளி ஓவியங்கள் 1547-இல், பேராயர் கிரிகோரே ரோஷ்காவின் காலத்தில் வந்தவை.

மேற்குச் சுவரில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. முழுச் சுவரும் இறுதித் தீர்ப்பு நாள். கிறிஸ்துவின் காலடியில் கிளம்பும் நெருப்பு ஆறு அகன்றுகொண்டே நரகத்தில் இறங்குகிறது. எல்லோரும் நீலத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அசுரைட் என்ற செம்புத் தாதுவை அரைத்து எடுத்த நீலம். நல்ல நீலம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் வெகுநேரம் நின்றது மிருகங்கள் இருக்கும் மூலையில். எப்போதோ தின்ற மனிதர்களை அவை திருப்பிக் கொடுக்க வந்திருக்கின்றன. ஒன்றின் வாயில் கை, இன்னொன்றின் வாயில் கால். உடம்பு முழுசாகச் சேர்ந்தால்தானே உயிர்த்தெழ முடியும்! மானுக்கு மட்டும் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. அது யாரையும் தின்றதில்லை. எக்காளம் ஊதும் தேவதூதர் கையில் இருப்பது இந்த மலை இடையர்கள் ஊதும் 'புச்சியும்' என்ற நீளமான ஊதுகுழல்.

தண்டனைக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் வெள்ளைத் தலைப்பாகை கட்டிய துருக்கியர்கள், பக்கத்தில் தாத்தாரியர்கள். யூதர்களையும் ஆர்மீனியர்களையும் கூட விடவில்லை. பக்தியோடு பக்தியாக அக்கம்பக்கத்துப் பகையையும் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வடக்குச் சுவரை மழையும் காற்றும் தின்றுவிட்டன. மிச்சமிருந்த வண்ணத்தில் பழைய காலத்து ஆட்கள் ஆணியால் பெயரும் வருஷமும் கீறி வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரியர்கள் இந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டு 1785-இல் மடத்தை மூடினார்கள். கன்னியர் மடமாக மறுபடி திறந்தது 1991-இல். கேட்க ஆளில்லாத சுவரில் யார்தான் கீறமாட்டார்கள்!

அக்டோபர் 5

ஹுமோர் மடம். இங்கே சிவப்பு தூக்கல். சீக்கிரம் பார்த்துவிட்டோம். மழை.

அக்டோபர் 6, மொல்டோவித்சா

நான் பார்க்க வந்தது இதைத்தான். தெற்குச் சுவரில் கான்ஸ்டான்டிநோபிள் முற்றுகை. கதைப்படி இது 626-இல் நடந்தது: பாரசீகர்களும் அவார் என்ற நாடோடி இனத்தாரும் நகரத்தைச் சூழ்ந்தார்கள், மாதாவின் அருளால் நகரம் பிழைத்தது. மதில்மேல் மாதா படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். சரி. ஆனால் மதிலுக்கு வெளியே நிற்கும் பாரசீகர்கள் எல்லோரும் துருக்கி உடையில்! பீரங்கி வேறு வெடிக்கிறது, ஏழாம் நூற்றாண்டில்!

இதை வரைந்த வருஷம் 1537. நிஜத்தில் அந்த நகரம் துருக்கியர் கைக்குப் போய் 84 வருஷம் ஆகியிருந்தது. வரையச் செய்த மொல்டாவிய அரசர் பெத்ரு ராரெஷின் நாடே சுல்தானுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது. சுவரிலாவது ஜெயிப்போம் என்று நினைத்தாரோ என்னவோ. மறு வருஷமே சுல்தான் சுலைமான் படையோடு நேரில் வந்துவிட்டார். ராரெஷ் மலை தாண்டி டிரான்சில்வேனியாவுக்கு ஓடினார். 1541-இல் சுல்தானின் தயவில்தான் அரியணை திரும்பக் கிடைத்தது.

இதைவிட வேடிக்கை மகன் கதை. வொரொனெத்ஸில் துருக்கியரை நரகத்துப் பக்கம் நிறுத்தி வரைந்தபோது ஆட்சியில் இருந்தவர் ராரெஷின் மகன் இலியாஷ். அதே இலியாஷ் 1551-இல் அரியணையை விட்டுவிட்டு, இஸ்லாத்தைத் தழுவி மெஹ்மத் என்று பெயர் மாற்றி, சுல்தானிடம் சிலிஸ்ட்ராவின் ஆளுநராகச் சேர்ந்தார். விளக்கப் பலகைகள் நீலத்துக்குத் தரும் இடத்தில் கால்வாசியை இவருக்குத் தந்திருக்கலாம் என்பது என் கட்சி.

சாயங்காலம் ஒரு கன்னியாஸ்திரி நீளமான மரப்பலகையைத் தோளில் ஏந்தி, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே கோயிலைச் சுற்றினார். 'தொவாகா' என்கிறார்கள். நிதானமாக ஆரம்பித்த தட்டல், மூலை திரும்புவதற்குள் ஓட்டமெடுத்துவிட்டது. நடை மட்டும் மாறவில்லை. கொஞ்ச தூரம் பின்னாலேயே போனேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் 7, சுச்சேவித்சா

சியுமர்னா கணவாய் வழியாக வளைந்து வளைந்து வந்தோம். என் கணவருக்கு இரண்டு தடவை வாந்தி. மற்றவற்றுக்குப் பிந்திய மடம் இது, மொவிலா சகோதரர்கள் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பியது. கோட்டை போல மதிலும் கோபுரங்களும். இங்கே பச்சை. வடக்குச் சுவர் நல்ல நிலையில் இருப்பது இங்கேதான். அதில் சொர்க்கத்துக்கு ஏறும் ஏணி. ஒரு பக்கம் தேவதூதர்கள் அணிவகுப்பாக, சிறகோடு சிறகு ஒட்டி நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் ஏறுகிறவர் காலைப் பிடித்து இழுக்கும் பிசாசுகள், தலைகீழாக, குறுக்கும் நெடுக்குமாக. ஓவியர் கை துள்ளி விளையாடியது பிசாசுகளில்தான்.

மேற்குச் சுவர் வெறுமையாக இருக்கிறது. ஓவியர் சாரத்திலிருந்து விழுந்து செத்ததால் அப்படியே விட்டுவிட்டார்களாம், ஊர்க்கதை. பணம் தீர்ந்திருக்கும் என்கிறார் இவர், சூடாகச் சூப் உள்ளே போனதும் தெம்பு வந்து.