சி.ஆர்.பி. ஏறாத உடம்பு

2016-ஆம் ஆண்டு எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்சவ்வில் அழற்சியும் புண்ணும் உண்டாகும் நோய், இருப்பது உறுதியான நாளிலிருந்து ஒவ்வோர் இரத்தப் பரிசோதனையின் முடிவையும் நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் எழுதி வருகிறேன். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன ஐயா பேரேடு எழுதிய வீட்டில் பிறந்தவனுக்கு இது இயல்பாகவே வந்த பழக்கம். தேதி, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம்), ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்), ஹீமோகுளோபின், தட்டணுக்கள், அல்புமின், ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) என்று பத்திகள் பிரித்திருக்கிறேன். கடைசிப் பத்தி குறிப்புக்கு உரியது. இந்த ஆண்டுகளில் எண்களைவிட அந்தப் பத்திதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

நோட்டைத் தொடங்கியபோது சி.ஆர்.பி. என்பது குடலிலிருந்து நேராக வரும் செய்தி என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது கல்லீரலில் உண்டாகும் புரதம். உடம்பில் எங்கே அழற்சி மூண்டாலும், அங்கே திரளும் நோயெதிர்ப்பு அணுக்கள் இன்டர்லியூகின்-6 போன்ற பொருள்களை வெளியிடுகின்றன. அவை இரத்தத்தின் வழியே கல்லீரலை எட்டியதும் அது சி.ஆர்.பி.யைப் பெருக்குகிறது. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இதை முதலில் கண்டவர்கள் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில்தான் கண்டார்கள் என்பதிலிருந்தே, இது குடலுக்கு மட்டும் சொந்தமான அடையாளம் அன்று என்பது விளங்கும். ஒரே மாதிரியான ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்ததே இதன் மூலக்கூறு. ஆண்டுக் கணக்கின் இருப்புநிலையைக் குறிக்கும் ஐந்தொகை என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதில் ஒரு சிறு மகிழ்ச்சி. இரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 19 மணி நேரமே ஆகுமாதலால், அழற்சி தணிந்தால் சில நாள்களிலேயே எண் இறங்கிவிடும். ஈ.எஸ்.ஆர். அப்படியன்று, அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதோடு, இரத்தசோகை இருந்தாலே கூடுதலாகக் காட்டும்.

2019-இல் எனக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியபோது சி.ஆர்.பி. லிட்டருக்கு 2 மில்லிகிராம். அறிக்கையில் 5-க்குக் கீழே இயல்பு என்று அச்சிட்டிருந்தது. அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் அந்த ஓர் எண்ணை வைத்து, குடல் நன்றாகத்தான் இருக்கிறது, இது மூலநோயாக இருக்கும் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். எண் அவர் பக்கம் இருந்ததால் நானும் நம்பினேன். நான்கு மாதங்கள் வீணாயின. பிறகு மதுரையில் குடல் சிறப்பு மருத்துவர் ஒருவர் மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கச் சொன்னார். கிராமுக்கு 780 மைக்ரோகிராம், மிக அதிகம். பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் புண்கள் தெளிவாகத் தெரிந்தன.

காரணத்தை அவர் பொறுமையாக விளக்கினார். இன்னொரு வகைக் குடல் அழற்சி நோயான கிரோன் நோயில் அழற்சி குடற்சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவக்கூடும் என்பதால் சி.ஆர்.பி. பெரும்பாலும் நன்றாக உயர்கிறது. என் நோயோ உட்சவ்வோடு நிற்பது. அதிலும் மலக்குடலை ஒட்டிய பகுதியில் மட்டும் இருந்தால் கல்லீரலுக்கு எட்டும் செய்தி மிகக் குறைவு. இது போதாதென்று, மரபணு வேறுபாட்டால் சி.ஆர்.பி.யைப் பிறரைவிடக் குறைவாகவே உண்டாக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். கால்ப்ரொடெக்டின் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களுக்குள் இருக்கும் புரதம். அந்த அணுக்கள் புண்பட்ட சவ்வைக் கடந்து குடலுக்குள் வரும்போது மலத்திலேயே கலந்துவிடுவதால், சிறிய அழற்சியையும் அது காட்டிக்கொடுக்கிறது. (அந்தச் சிறு டப்பாவைக் காரைக்குடி லேபுக்கு எடுத்துச் செல்லும் நாள்களில், கையில் என்ன என்று கேட்கும் உறவினர்களுக்கு ஆத்தா சொல்லும் பதில்கள் தனிக் கதை.)

இரத்தப் பரிசோதனையே வீண் என்று இதனால் முடிவுகட்டிவிட முடியாது. இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். ஃபெரிட்டின் 80 என்று வந்தபோது இரும்புச்சத்து போதுமான அளவு இருக்கிறது என்றே லேபில் சொன்னார்கள். ஆனால் ஃபெரிட்டினும் அழற்சியின்போது உயரும் புரதங்களில் ஒன்று. அழற்சி இல்லாதவருக்கு 30-க்குக் கீழே போனால் இரும்புக் குறைபாடு என்று கொள்வது போல, அழற்சி உள்ளவருக்கு 100 வரை இருந்தாலும் குறைபாடு இருக்கலாம். இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினின் செறிவையும் சேர்த்துப் பார்த்த பிறகே எனக்கு இரும்பு மருந்தை இரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். படி ஏறும்போது மூச்சு வாங்கியது அதன்பின் நின்றது. நோயெதிர்ப்பை அடக்க நான் உட்கொள்ளும் அசதியோபிரின் என்ற மருந்து வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியது; அந்த ஆபத்தைக் கூட்டும் ஒரு மரபணு மாறுபாடு ஐரோப்பியரைவிட ஆசியரிடையே அதிகம். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் இரத்தம் நோயோடு மருந்தையும் சேர்த்தே கண்காணிக்கிறது.

இனி குறிப்புப் பத்தி. ஒரு முறை சி.ஆர்.பி. 41 என்று வந்து வீடே கலங்கியது. முந்தின வாரம் எனக்கு வைரஸ் காய்ச்சல் வந்திருந்ததைக் குறித்து வைத்திருந்ததால் மருத்துவர் மருந்தை மாற்றாமல் இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்கச் சொன்னார். 3 என்று இறங்கியிருந்தது. இன்னொரு முறை லேபை மாற்றியபோது 1.2 என்று வந்ததும் மகிழ்ந்துபோனேன். அந்த லேப் டெசிலிட்டர், அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு, கணக்கில் எழுதும் வழக்கமுடையது. லிட்டருக்கு மாற்றினால் 12. வட்டிக் கணக்கில் ஒரு புள்ளி பிசகினாலும் விடாத குடும்பத்தில் பிறந்துவிட்டு இதைக் கவனிக்காதது வெட்கமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அலகையும் லேபையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2021-இல் வெளியான சர்வதேசச் சிகிச்சை வழிகாட்டுதல், சி.ஆர்.பி. இயல்புக்கு வருவதையும் கால்ப்ரொடெக்டின் இறங்குவதையும் இடைக்கால இலக்குகளாக வைத்து, உட்சவ்வு ஆறுவதையே நெடுநாள் இலக்காகச் சொல்கிறது. விசேஷ வீடுகளில் என்னைக் காணும் ஆச்சிமார்களோ, நம் ஊர்க் காரத்தால் வந்த நோய் என்றே இன்னும் நம்புகிறார்கள். மிளகாய் எரிச்சலைத் தரலாம், இந்நோயை உண்டாக்குவதில்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

போன மாதத்து வரி இது: சி.ஆர்.பி. 3, ஹீமோகுளோபின் 12.9, ஃபெரிட்டின் 140, கால்ப்ரொடெக்டின் 410. குறிப்பு: காய்ச்சல் இல்லை, வலிமாத்திரை எடுக்கவில்லை, காலையில் இரு முறை அவசரமாகப் போக நேர்ந்தது. மருத்துவர் சி.ஆர்.பி.யைத் தாண்டிக் கடைசி எண்ணில் விரலை வைத்தார். குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மருந்தின் அளவைக் கூட்டி, எட்டு வாரம் கழித்துக் கொலனோஸ்கோப்பிக்குத் தேதி கொடுத்திருக்கிறார். அந்தத் தேதிக்கு நேரே நோட்டில் ஒரு வரியை விட்டுவைத்திருக்கிறேன்.