காய்ச்சல் இல்லாத வாரத்திலும் ரத்தப் பரிசோதனை

என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய். அவருடைய தம்பியிடமிருந்து ஸ்டெம் செல், அதாவது புது ரத்தம் உருவாக்கும் மூல செல் எடுத்து, மலேசியாவில் அம்பாங் மருத்துவமனையில் மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். பத்தாங் பெர்ஜுந்தைக்கு வீடு திரும்பியதும் கண்டம் தாண்டியாச்சு என்று தோட்டத்துச் சொந்தங்கள் பழமும் பிஸ்கட்டுமாகப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். எங்களுக்கோ பயமே அதற்குப் பிறகுதான்.

டாக்டர் எச்சரித்தது சைட்டோமெகலோ வைரஸ் பற்றி. சுருக்கமாக சிஎம்வி. பெரும்பாலோருக்கு எப்போதோ தெரியாமலே வந்து, உடம்பிலேயே தங்கிவிடும், ஒன்றும் செய்யாது. மாற்றுச் சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி போன உடம்பில் அது கிளம்பினால் நுரையீரல், குடல், கண் எதையும் தாக்கும். நுரையீரல் என்றால் உயிருக்கே ஆபத்து. இவர் உடம்பில் அந்த வைரஸ் ஏற்கெனவே இருந்தது, செல் கொடுத்த தம்பிக்கு இல்லை. தம்பியின் செல்களுக்கு அதை எதிர்த்துப் பழக்கமில்லை என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல்.

அதனால் முதல் 100 நாளும் வாராவாரம் ரத்தம் எடுத்து, பிசிஆர் முறையில் வைரஸ் அளவைப் பார்த்தார்கள். "நல்லாத்தானே இருக்கான், ஏம்மா அலைக்கழிக்கிற?" என்பார் மாமியார். அப்படி நன்றாக இருந்த ஒரு வாரத்தில்தான் வார்டிலிருந்து போன் வந்தது: "சிஎம்வி ஏறுது, துணிமணியோட வாங்க." காய்ச்சலோ இருமலோ இல்லை. இடியப்பம் பசியாறிவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கான்சிக்ளோவிர் மருந்தை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றினார்கள். வைரஸை அடக்கும் மருந்துதான், ஆனால் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். தினமும் ரத்த ரிப்போர்ட் வரும்வரை எனக்கு மூச்சே வராது. வைரஸ் இறங்கியதும் வால்கான்சிக்ளோவிர் மாத்திரையோடு அனுப்பினார்கள்.

இதற்குள் வீட்டில் சண்டை. பார்க்க வந்த பெரியம்மாதான் கிருமியைக் கொண்டுவந்தார் என்று மாமியார் பேசுவதையே நிறுத்திவிட்டார். அடுத்த செக்கப்பில் ஒரு தமிழ் மிஸ்ஸிதான் (நர்ஸ்) மாமியாரை உட்காரவைத்து, "பாட்டி, இது யாரும் கொண்டாந்தது இல்ல, உங்க மகன் உடம்புலயே இருந்ததுதான்" என்று புரியவைத்தார். நாங்கள் சொன்னால் கேட்டிருக்க மாட்டார்.

அதற்காக யாரும் வரலாம் என்று அர்த்தமில்லை. சாதாரண சளிக்காய்ச்சலே இவர்களுக்கு நிமோனியா ஆகலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. முந்தின நாள்தான் அது இவர் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடியது. அம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றும். உடனே வார்டுக்குப் போன் செய்தோம். அன்றே வரச் சொல்லி மருந்து கொடுத்தார்கள். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் கொப்புளம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

அப்புறம், பழைய தடுப்பூசிகளின் பலன் போய்விடும். சில மாதங்கள் கழித்து டாக்டர் சொல்லும் வரிசையில் மறுபடி போட வேண்டும். தட்டம்மை, நீர்க்கொப்புள அம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகள் மட்டும் 2 ஆண்டுக்கு முன் கூடாது. கிளினிக்கில் யார் ஊசி போட வந்தாலும் மாற்றுச் சிகிச்சை செய்தவர் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.