நீர் அடைப்பு: ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கி புரோஸ்டேட் வைத்தியம் பார்த்த விவரம்

மார்கழியில் ஏற்காட்டில் சளி பிடிக்காத ஆள் கிடையாது. மெடிக்கலில் “சளிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க” என்று வாங்கிப் போடுகிறோமே, அந்த மாத்திரைதான் அறுபதைத் தாண்டிய ஆண்களை நடுராத்திரியில் மலையிறங்க வைக்கிறது. அதில் மூக்கடைப்புக்காக இருக்கும் பினைல்எஃப்ரின் மூத்திரப்பையின் கழுத்தையும் சேர்த்து இறுக்கும். தும்மலுக்காக இருக்கும் குளோர்பெனிரமின் பையின் தசையை மந்தமாக்கும். மூத்திரப்பைக்குக் கீழே நீர்த்தாரையைச் சுற்றியிருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கி ஏற்கெனவே வழி குறுகிப்போனவருக்கு இரண்டும் சேர்ந்தால் நீர் மொத்தமாக அடைத்துக்கொள்ளும். அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முட்டிய அடிவயிற்றோடு கடக்க வேண்டும்.

நானும் இந்த வழியாகத்தான் போய் வந்தேன். என் கதையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. எது முதலில், எது பிறகு, எவ்வளவு என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அடைப்பு வந்த ராத்திரி. நிறையத் தண்ணீர் குடித்தால் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். குடிக்கவே கூடாது, வலி இரட்டிப்பாகும். சொட்டுச் சொட்டாக வருவதைப் பார்த்து “வருதே” என்று காத்திருப்பதும் தவறு. நிரம்பிய தொட்டி விளிம்பில் வழிகிற மாதிரிதான் அது; உள்ளே லிட்டர் கணக்கில் நிற்கலாம். ஏற்காடு அரசு மருத்துவமனையோ, 108-இல் ஏறி சேலமோ, நீரை வடிக்க நீர்த்தாரை வழியாக மூத்திரப்பைக்குள் எங்கே சீக்கிரம் டியூப் போடுவார்களோ அங்கே போக வேண்டும். வழக்கமாக 14 அல்லது 16 நம்பர் டியூப் போடுவார்கள். அது நழுவாமலிருக்க உள்ளே ஒரு சின்ன பலூனில் 10 மில்லி தண்ணீர் ஏற்றுவார்கள். முதலில் வடிந்த நீர் எத்தனை மில்லி என்று நர்ஸிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். 500 வடிந்தவரும் 1,500 வடிந்தவரும் டாக்டர் கண்ணுக்கு ஒரே நோயாளி இல்லை. ரொம்ப நாளாகத் தேங்கியிருந்தால் கிட்னிவரை அழுத்தம் போயிருக்கும், அதனால் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை அன்றைக்கே எடுக்கச் சொல்லலாம்.

டியூபோடு வீடு திரும்பினால் நீர் வடிந்து சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. முக்கால் பங்கு நிரம்பும் முன்பே காலி செய்துவிட வேண்டும். டியூபைத் தொடையோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டுங்கள். மலைப் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு பை ஆடி டியூப் இழுபடுவதுதான் ரத்தம் வருவதற்குப் பாதிக் காரணம்.

அவசரம் தணிந்த பிறகு, அல்லது அவசரமே வராமல் ஓட்டம் மட்டும் மெலிந்து ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிற நிலையில், யூராலஜி டாக்டரைப் பார்க்கப் போவோம். அங்கே நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான்: “அடிக்கடி போகுது சார்” என்று வாயால் சொல்வது. அடிக்கடி என்றால் எத்தனை? போகும் முன் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். மில்லி கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் மக், ஒரு நோட்டு போதும். மணி, எத்தனை மில்லி, என்ன குடித்தோம் என்று எழுத வேண்டும். டியூப் போட்டிருப்பவர் அதை எடுத்த பிறகுதான் இதைச் செய்ய முடியும்.

இந்த நோட்டு பல பேருக்கு வைத்தியத்தையே மாற்றிவிடும். ஒரு நாள் முழுக்கப் போன நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படுத்த நேரத்தில்தான் போகிறது என்றால் புரோஸ்டேட் மட்டும் குற்றவாளி இல்லை. சர்க்கரை, கால் வீக்கம், ராத்திரி போடும் பி.பி. மாத்திரை, எட்டு மணிக்கு மேல் குடிக்கிற காபி என்று தேட வேண்டும். எஸ்டேட் ஊரில் காபியைக் குறை என்று சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வேண்டாம்.

டாக்டர் ஏழு கேள்விகள் உள்ள ஒரு தாள் கொடுப்பார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க், மொத்தம் 35. ஏழு வரை லேசு, 8 முதல் 19 நடுத்தரம், 20-லிருந்து கடுமை. வெட்கப்பட்டுக் குறைத்துப் போடாதீர்கள். அடுத்த வருஷம் இதே தாளோடுதான் ஒப்பிடுவார்கள்.

இனி சோதனைகள். இங்கேதான் காசும் நேரமும் வீணாகும், அதுவும் பெரும்பாலும் நம்மாலேயே.

பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை புற்றுநோய்ச் சந்தேகத்தைப் பார்ப்பதற்கு. 4-க்குக் கீழே இருந்தால் பொதுவாக நிம்மதி. ஆனால் டியூப் போட்ட வாரத்திலோ நீர்த்தாரையில் கிருமி இருக்கும்போதோ எடுத்தால் 4 என்பது 15, 20 என்று எகிறும். வீடே கலங்கிப்போகும். டியூபும் கிருமியும் சரியாகி ஆறு வாரம் விட்டு எடுப்பதே நல்லது. இரண்டு நாள் முன்பிருந்து உடலுறவும் நீண்ட சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். புரோஸ்டேட்டைச் சுருக்கும் மாத்திரையான டூட்டாஸ்டரைடு அல்லது ஃபினாஸ்டரைடு ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவருக்கு இந்த எண் பாதியாகக் குறைந்து காட்டும். 3 என்று வந்தால் அதை 6 என்றுதான் படிக்க வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுவதை லேபில் யாரும் கேட்கமாட்டார்கள், நாம்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஸ்கேனில் இரண்டு எண்கள் முக்கியம்: புரோஸ்டேட் எத்தனை கிராம், நீர் கழித்த பின் எத்தனை மில்லி மிச்சம். வாலிபத்தில் சுமார் 20 கிராம் இருப்பது 40, 60, 100 என்று ஏறியிருக்கும். மிச்ச நீர்தான் ஏமாற்றும். ஸ்கேன் சென்டரில் “நல்லா முட்டட்டும்” என்று ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிக்க வைத்து, வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து, அப்புறம் கதவைத் தட்டிக்கொண்டே போய்வரச் சொன்னால் நல்ல ஆளுக்கே 100 மில்லி நிற்கும். போகணும் என்று சாதாரணமாகத் தோன்றும்போதே சொல்லிவிடுங்கள். போய்விட்டு வந்து, இரண்டு நிமிஷம் நின்று, மறுபடி ஒருமுறை போய்விட்டுப் படுங்கள். எண் அப்போதும் பெரிதாக இருந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்கச் சொல்லலாம்.

ஓட்டச் சோதனையில் ஒரு புனலில் நின்று போக வேண்டும், மெஷின் கோடு வரையும். நொடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் நல்ல ஓட்டம், 10-க்குக் கீழே என்றால் அடைப்புச் சந்தேகம். மொத்தம் 150 மில்லியாவது போனால்தான் அந்தக் கோட்டுக்கு மதிப்பு. 70 மில்லி போய்விட்டு வாங்கிய ரிப்போர்ட்டை டாக்டர் ஓரமாக வைத்துவிடுவார்.

மாத்திரை என்றால் முதலில் மூத்திரப்பையின் கழுத்தைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மி.கி., ராத்திரி சாப்பாட்டுக்குப் பின். சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஓரமாக உட்கார்ந்து பிறகு எழ வேண்டும். உறவின்போது விந்து வெளியே வராமல் போகலாம், ஆபத்தில்லை, ஆனால் முன்கூட்டியே தெரியாதவர் பயந்துபோவார். கண்புரை ஆபரேஷன் செய்யப் போகிறவர் இந்த மாத்திரை சாப்பிட்டதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும். ஆபரேஷனின்போது கண்மணி விரியாமல் தளர்ந்து தொந்தரவு கொடுக்கும். சுரப்பி பெரிதாக இருந்தால் டூட்டாஸ்டரைடு 0.5 மி.கி. சேர்ப்பார்கள். அது வேலை செய்ய ஆறு மாதம் பிடிக்கும். இரண்டு மாதத்தில் “கேக்கல” என்று நிறுத்துவது காசைத் தண்ணீரில் விட்டது போலத்தான். உடைந்த கேப்ஸ்யூலைக் கர்ப்பமான பெண்கள் தொடக்கூடாது.

டியூபை எடுத்தும் நீர் வரவில்லை, மறுபடி மறுபடி கிருமி, கல், ரத்தம், கிட்னி பாதிப்பு என்று வந்தால் ஆபரேஷன்தான். சாதாரணமாகச் செய்வது டி.யூ.ஆர்.பி.; வெளியே வெட்டு இல்லை, முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நீர்த்தாரை வழியாகவே சுரப்பியைச் சுரண்டி எடுப்பது. சுமார் ஒரு மணி நேரம். காப்பீட்டு அட்டை கையில் இருந்தால் முன்னாலேயே மருத்துவமனையின் காப்பீட்டு மேஜையில் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேண்டும். கலெக்டர் ஆபீஸ் மையத்தில் பதிவு. ரேஷன் கார்டில் ஒரு பெயரும் ஆதாரில் வேறு இனிஷியலும் இருந்தால் அங்கேயே ஒரு வாரம் போய்விடும். இதய நோய்க்காக, ரத்தம் கட்டாமலிருக்க குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர் அதை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை இதய டாக்டரே எழுதித் தர வேண்டும். நாமாக நிறுத்தினால் நெஞ்சுக்கு ஆபத்து, நிறுத்தாமலே போனால் தேதி தள்ளிப்போகும்.

ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரி கூட இருப்பவருக்குத்தான் வேலை. மூன்று வழி டியூப்: ஒன்றில் சலைன் உள்ளே போகும், ஒன்றில் வெளியே வரும், மூன்றாவது பலூனுக்கு. மேலே தொங்குகிற பாட்டில் காலியாகிக் கிடக்கக்கூடாது. முடியும் முன் நர்ஸைக் கூப்பிட வேண்டும். கீழ்ப் பையின் நிறத்தைப் பாருங்கள். நீர்விட்ட ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் சரி. தக்காளிச் சாறு மாதிரி கெட்டியாகச் சிவந்தால் சொல்ல வேண்டும். அதைவிட அவசரம் ஒன்று உண்டு: மேலே சொட்டிக்கொண்டே இருக்கிறது, கீழே வருவது நின்றுவிட்டது, வயிறு உப்புகிறது. ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது. மேலே உள்ள உருளையைத் திருகி நீரை நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். பெரிய சிரிஞ்சில் சலைன் ஏற்றி இழுத்துக் கட்டியை எடுப்பார்கள்.

படுத்திருப்பவருக்கு “ஒன்னுக்கு வருது, விடுங்க, எந்திரிக்கணும்” என்று தோன்றிக்கொண்டே இருக்கும். உள்ளே பலூன் உரசுவதால் வரும் உணர்ச்சி அது. முக்கினால் டியூப் ஓரமாகக் கசியும், ரத்தமும் கூடும். “டியூப்லயே போகுதுங்கப்பா, முக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வலிப்பு மாதிரி சுண்டி இழுத்தால் அதற்கு மருந்து உண்டு. திடீரென்று குழப்பமாகப் பேசினால், வாந்தி எடுத்தால், வயசாச்சு என்று விட்டுவிடக்கூடாது. ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம்.

இரண்டு மூன்று நாளில் டியூபை எடுத்துவிடுவார்கள். முதல் சில தடவை எரியும், அவசரமாக வரும், உள்ளாடை நனையும். அடக்குகிற தசையைப் பத்து எண்ணும்வரை இறுக்கி விடுவதை நாளைக்கு மூன்று வேளை செய்தால் சில வாரத்தில் கட்டுக்குள் வரும். பத்துப் பதினான்கு நாளில், எல்லாம் தெளிந்த பிறகு, திடீரென்று மறுபடி சிவப்பாகப் போகும். உள்ளே புண்ணின் பொருக்கு உதிர்வது. தண்ணீர் நிறையக் குடித்தால் ஓரிரு நாளில் தெளியும். கட்டிகட்டியாக வந்தாலோ நீர் நின்றாலோ உடனே இறங்க வேண்டும். மலச்சிக்கல் வரவிடாதீர்கள், ராத்திரி இசப்கோல். ஒரு மாதத்துக்காவது காபி மூட்டை தூக்குவதும் பைக்கில் மலையேறுவதும் கிடையாது, பஸ்ஸில் முன்சீட்.

சுரண்டி எடுத்த சதை பயாப்ஸிக்குப் போயிருக்கும். டிஸ்சார்ஜ் சந்தோஷத்தில் அந்த ரிப்போர்ட்டை யாரும் வாங்குவதில்லை. ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் போய்க் கையில் வாங்கி, டாக்டரிடம் காட்டி, நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். ஆறாவது வாரம் மறுபடி ஓட்டச் சோதனைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோக வேண்டும், பழைய கோட்டுக்குப் பக்கத்தில் புதிய கோட்டை வைத்துப் பார்ப்பார்கள்.