ஸ்டேட் ரோட்டை எங்க ஊர் வாங்கிக்கிட்ட கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே இருந்தேன், இப்பதான் நேரம் கெடச்சுது. நான் கலிஃபோர்னியால ஒரு சின்ன சிட்டில பப்ளிக் ஒர்க்ஸ் டிபார்ட்மெண்ட்ல எஞ்சினியர், ஊர் பேரு வேண்டாம். எங்க ஊருக்கு நடுவுல ஒரு மெயின் ரோடு போகுது, கடை, லைப்ரரி, ரெண்டு ஸ்கூல், பழைய தியேட்டர் எல்லாம் அதுலதான். ஆனா அந்த ரோடு எங்களோடது இல்ல, ஸ்டேட் ஹைவே. ஊருக்குள்ள வர்ற 2.4 மைல் மட்டும் எங்க கைக்கு வரணும்னு கேட்டு வாங்கினோம். முழுசா மூணேகால் வருஷம் ஆச்சு. இதுக்கு அஃபிஷியலா ரிலிங்க்விஷ்மெண்ட்னு பேரு, அதாவது ஸ்டேட் அந்த ரோட்டு மேல இருக்கற உரிமையை விட்டுக்குடுக்குது, லோக்கல் கவர்மெண்ட் எடுத்துக்குது.

ஏன் வேணும்னு கேட்டீங்கன்னா, லைப்ரரிக்கு எதிர்ல ஒரு கிராஸ்வாக் போடணும்னு கவுன்சில்ல ரொம்ப நாளா பேச்சு. ஸ்டேட் ரோட்ல ஒரு பேனர் கட்டணும்னாலும், மரம் நடணும்னாலும், நடைபாதையில மேசை நாற்காலி போடணும்னாலும் என்குரோச்மெண்ட் பெர்மிட், அதாவது ஸ்டேட் எடத்துல வேலை செய்ய அவங்க அனுமதி, வாங்கணும். அது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், அவங்க பார்வையில அது ஒரு ஊரையும் இன்னொரு ஊரையும் இணைக்கற ரோடு, வண்டி தடையில்லாம போகணும், அவங்க அளவுகோல் அது. எங்களுக்கு அது ஜனங்க நடக்கற கடைத்தெரு. ஒரே ரோட்டுக்கு ரெண்டு வேலை, அதான் பிரச்சினையே. எங்களுக்கு முன்னாடியே இந்த வழில போனவங்க இருக்காங்க, வெஸ்ட் ஹாலிவுட் 1999ல சான்டா மோனிகா புலவார்டை ஸ்டேட்கிட்டேர்ந்து வாங்கி மொத்தமா மாத்திக் கட்டினாங்க, எங்க கவுன்சில் மீட்டிங்ல யாராவது ஒருத்தர் அதை இழுக்காம இருந்ததே இல்ல.

முதல் தப்பு என்னோடது. நான் என்ன நெனச்சேன்னா, நம்ம கவுன்சில் ஒரு தீர்மானம் போடும், ஸ்டேட்டோட டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்கு ஒரு லெட்டர் போகும், அவங்க சரின்னா முடிஞ்சுதுன்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது, கலிஃபோர்னியால எந்த ஹைவே எங்கேர்ந்து எங்க வரைக்கும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. ஸ்ட்ரீட்ஸ் அண்ட் ஹைவேஸ் கோடுன்னு ஒண்ணு, அதுல 300க்கு மேல உள்ள செக்ஷன்கள்ல ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு செக்ஷன், ரூட் 1க்கு 301, ரூட் 2க்கு 302 இப்படி. பைபாஸ் மாதிரி புது ரோடு போட்டு பழைய ரோடு தேவையில்லாம போச்சுன்னா வேற கதை, அதுக்கு தனி வழி இருக்கு. எங்க ரோடு அப்படி இல்ல, அதனால சட்டமன்றத்துல பில், அதாவது மசோதா, போட்டு அந்த செக்ஷனையே மாத்தணும். பில் கொண்டு வர ஃபெப்ரவரில கடைசி தேதி, எங்க கவுன்சில் ஓட்டு போட்டது மார்ச்சுல. போச்சு, ஒரு வருஷம். எங்க டைரக்டர் என்னைப் பாத்து ஒண்ணுமே சொல்லல, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அந்த ஒரு வருஷம் வீணாப் போகலன்னு இப்ப தோணுது, ஏன்னா அந்த நேரத்துலதான் நாங்க உருப்படியா ரோட்டைப் பாத்தோம். பில்லோட வாசகத்தைப் படிச்சதும் அப்பதான். அதுல கமிஷன் (ஸ்டேட் ரோடு விஷயத்துல முடிவெடுக்கற கலிஃபோர்னியா டிரான்ஸ்போர்ட்டேஷன் கமிஷன்) இந்தப் பகுதியை சிட்டிக்கு விட்டுக்குடுக்கலாம்னு இருக்கும், கவனிங்க, குடுக்கணும்னு இல்ல, குடுக்கலாம். அப்புறம் ஒரு வரி வரும், விட்டுக்குடுத்த பகுதி இனிமே ஸ்டேட் ஹைவே இல்ல, பின்னாடி திரும்ப ஸ்டேட் ஹைவேயா எடுத்துக்கவும் தகுதி இல்லன்னு. முடியலப்பா நீயே வெச்சுக்கோன்னு திருப்பிக் குடுக்க முடியாது. இதைப் படிச்சிட்டு எங்க ஃபைனான்ஸ் மேடம் பேனாவைக் கீழ வெச்சிட்டாங்க.

அவங்க கேட்ட கேள்விதான் மொத்த விஷயத்தோட மையம்னு நான் சொல்வேன். இந்த ரோடு வந்தா நமக்கு கேஸ் டாக்ஸ், அதாவது பெட்ரோல் வரிப் பணம் கூடுமான்னு கேட்டாங்க. நான் கூடும்னு நெனச்சேன், ரோடு கூடினா பணமும் கூடணும்தானே. இல்ல. சிட்டிகளுக்கு வர்ற பெட்ரோல் வரிப் பங்கு பெரும்பாலும் ஜனத்தொகையை வெச்சு வருது, ரோடு எத்தன மைல்னு பாத்து இல்ல. ரோட்டு ரிப்பேருக்காக பெட்ரோல் வரியைக் கூட்டி 2017ல வந்த எஸ்பி 1 சட்டத்துல கூடுதலா வர்ற பணமும் சிட்டிகளுக்கு அதே மாதிரிதான். ஆக 2.4 மைல் நாலு லேன் ரோடு கூடும், 9 சிக்னல் கூடும், வருமானம் ஒரு காசு கூடாது. யானையை சும்மா தர்றாங்கன்னு வாங்கிக்கலாம், தீனி யாரு போடறது?

அதனால வாங்கும்போது என்ன கேட்டு வாங்கறோமோ அவ்வளவுதான். சட்டத்துல செக்ஷன் 73ன்னு இருக்கு, ரோட்டை நல்ல நிலைமையில வெச்சு ஒப்படைக்கணும்னு அது சொல்லுது. ஆனா அதே செக்ஷன், அதுக்காக அகலப்படுத்தவோ புதுசா கட்டவோ பெரிய அளவுல திரும்பக் கட்டவோ ஸ்டேட்டுக்கு கட்டாயம் இல்லன்னும் சொல்லுது, கமிஷன் தனியா உத்தரவு போட்டா ஒழிய. இந்த நல்ல நிலைமைக்கு அர்த்தம் என்னன்னுதான் பதினாலு மாசம் பேசினோம். ஒண்ணு அவங்க ரிப்பேர் பண்ணிக் குடுக்கலாம், இல்ல அதுக்கு ஈடா பணம் குடுக்கலாம். நாங்க பணம்னு போனோம், ஏன்னா இப்ப இருக்கற வடிவத்துல புதுத் தார் போட்டுட்டு ரெண்டு வருஷத்துல நாங்களே அதைத் தோண்டி மாத்தறதுல அர்த்தமில்ல.

எவ்வளவு பணம்னு எப்படிக் கணக்குப் போடறது? மேல தெரியற தாரைப் பாத்தா ரோடு பரவாயில்லன்னுதான் தோணும். நாங்க 20 இடத்துல ரோட்டைத் துளைச்சு கோர் (உருளை மாதிரி சாம்பிள்) எடுத்தோம், சில இடத்துல தாருக்கு அடியில பழைய கான்கிரீட் ஸ்லாப் இருந்துச்சு, அது ஒடஞ்சு ஆடுது, மேல என்ன போட்டாலும் அதே கோட்டுல விரிசல் வரும். அப்புறம் கர்ப் ராம்ப், வீல்சேர் ஏறி இறங்கற சரிவு. ஏடிஏன்னு மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் இருக்கு, அதுப்படி ரோட்டுக்கு ஓவர்லே (பழைய தார் மேல புதுத் தார் அடுக்கு) போட்டா அது ஆல்டரேஷன், அதாவது ரோட்டை மாத்தற வேலை, உடனே அந்த ராம்ப் எல்லாத்தையும் சரி பண்ணியாகணும். ஸ்லரி சீல்ங்கற மெல்லிசான மேல்பூச்சு மட்டும் போட்டா அது மெயின்டனன்ஸ், ராம்ப்பைத் தொடத் தேவையில்ல. அதே மாதிரி இன்னொரு மேல்பூச்சு மைக்ரோசர்ஃபேசிங், அது கூட ஆல்டரேஷன்லதான் சேரும், இது பலருக்குத் தெரியாது. எங்க ரோட்ல 70க்கு மேல மூலை, பாதிக்கு மேல தேறல. கணக்குல தாரை விட ராம்ப் செலவு பெருசா வந்து நின்னுச்சு. சிக்னல் பெட்டிக்குள்ள இருந்தது பழைய 170 மாடல் கன்ட்ரோலர், சிக்னலை இயக்கற கருவி, எங்க மத்த சிக்னலோட பேசாது.

ஆனா உண்மையிலேயே எங்களைக் காப்பாத்தினது ஒரு ரிட்டயர்டு மனுஷன். முன்னாடி அந்த ரோட்ல மெயின்டனன்ஸ் க்ரூ சூப்பர்வைசரா இருந்தவரு, எங்க ஊர்லயே குடியிருக்காரு. ஒரு பப்ளிக் மீட்டிங்குக்கு சும்மா வந்து உக்காந்திருந்தாரு, முடிஞ்சப்புறம் என்கிட்ட வந்து, "தம்பி, ஃபீட் ஸ்டோர் பக்கத்துல ஒரு கல்வெர்ட் இருக்கே, அதுக்குள்ள எட்டிப் பாத்தீங்களா?"ன்னு கேட்டாரு (அவர் இங்கிலீஷ்ல கேட்டதுதான், எனக்கு அப்படித்தான் காதுல விழுந்துச்சு). கல்வெர்ட்னா ரோட்டுக்கு அடியில தண்ணி போற குழாய். எங்க மேப்ல அந்த எடத்துல கல்வெர்ட்டே இல்ல. கேமரா விட்டுப் பாத்தா நெளிநெளியா இருக்கற பழைய இரும்பு பைப், அடிப்பக்கம் முழுசா துருப்பிடிச்சுப் போயி மண்ணு தெரியுது. மேல ரோட்ல ஒரு சின்ன பள்ளம், அதை நான் தினமும் தாண்டித்தான் ஆபீஸ் போறேன். அந்த ஒரு வீடியோவை டேபிள்ல வெச்சதும் பேச்சு மாறுச்சு, எதிர்ல இருந்த ஸ்டேட் எஞ்சினியர்கூட சத்தமில்லாம நோட் எடுத்துக்கிட்டாரு, அவங்க ரெக்கார்ட்லயும் அது சரியா இல்ல போல, அவ்வளவு பழசு. அந்த பைப்புக்கான தொகை கடைசியில ஒப்பந்தத்துல வந்துச்சு. யாராவது இந்த வேலைல எறங்கினா முதல்ல போயி அந்த ரோட்ல வேலை செஞ்ச ஆளுங்களைப் பிடிங்க, ட்ராயிங் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

இந்த நேரத்துல போர்ட்லண்ட்ல நடந்ததை எங்க அட்டர்னி எடுத்துக் காட்டினாரு. அங்க 82வது அவென்யூ 7 மைல் ரோடு, ஆரிகன் ஸ்டேட்கிட்டேர்ந்து சிட்டிக்கு 2022 ஜூன்ல கைமாறுச்சு. அதுக்கு முன்னாடி வருஷம் நடந்து போனவங்க ரெண்டு பேர் ஒரே மாசத்துல அடிபட்டு செத்தாங்க, அதுக்கப்புறம்தான் பல வருஷமா இழுத்த பேச்சு வேகம் பிடிச்சுது. மொத்தம் 18.5 கோடி டாலர் பேக்கேஜ், அதுல 3.5 கோடி சிட்டியே போட்டுச்சு. ரோட்டை வாங்கிக்கறதுக்கு சிட்டியும் பணம் போடுதான்னு எங்க கவுன்சில்ல ஒருத்தர் வாயைப் பொளந்தாரு. ஆமா சார், அதான் நிலவரம். அவங்க பெரிய ஊரு, ஃபெடரல் பணமும் வந்துச்சு, எங்களுக்கு வந்த தொகை அதுக்குப் பக்கத்துலயே வராது. நாங்க கேட்டதுல ஏறக்குறைய அறுபது சதவீதம் கெடச்சுது. அது ஜெயிச்சதா தோத்ததான்னு எனக்குள்ள இன்னும் பட்டிமன்றம் ஓடுது.

இன்ஷூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை. சின்ன சிட்டிங்க எல்லாம் சேந்து பொதுவா நடத்தற ஒரு இன்ஷூரன்ஸ் பூல்ல இருக்கும், எங்களோடதும் அப்படித்தான். ரோடு எங்க கைக்கு வந்த நாள்லேர்ந்து அதுல ஆபத்தான நிலைமைன்னு யாராவது கேஸ் போட்டா பதில் சொல்ல வேண்டியது நாங்க. அதனால பத்து வருஷ விபத்து டேட்டா கேட்டாங்க, பெரிய மரங்களுக்கு ஆர்பரிஸ்ட் (மர நிபுணர்) ரிப்போர்ட் கேட்டாங்க, எல்லாம் குடுத்தோம். போரடிக்கற வேலை, ஆனா விட்டா மாட்டிப்போம்.

பப்ளிக் மீட்டிங்ல நான் எதிர்பார்த்த சண்டை பார்க்கிங் பத்தி, வந்த சண்டை லாரி பத்தி. ரோடு நம்மளுதானே இனிமே லாரியே விடாதீங்கன்னு ஒரு பாதி, கடைக்கு சரக்கு எப்படி வரும்னு இன்னொரு பாதி. நடுவுல ஒரு விஷயம் யாருக்கும் புரியல, பில்லுலயே கண்டிஷன் இருக்கு, போக்குவரத்து தொடர்ச்சியா போறதை சிட்டி உறுதி பண்ணணும், சிக்னல் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போறது உட்பட, அப்புறம் ரூட் மேல எங்க தொடருதுன்னு காட்டற போர்டை சிட்டி பராமரிக்கணும். அதாவது ரோடு நம்மளுது, ஆனா ஊருக்கு ரெண்டு பக்கமும் அது இன்னும் ஸ்டேட் ஹைவேதான், நடுவுல நாம சுவர் எழுப்ப முடியாது. இதை நான் நாலு மீட்டிங்ல சொன்னேன், நாலாவதுலயும் ஒரு அம்மா எழுந்து அப்ப எதுக்குப்பா இதெல்லாம்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். கிராஸ்வாக், மரம், சிக்னல் நேரம், நடைபாதை, இதுக்குத்தான்மா, லாரிக்கு இல்லன்னேன்.

பில் பாஸாகி, ஜனவரி 1 அமலாச்சு, ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, கவுன்சில் ஏத்துக்கறோம்னு தீர்மானம் போட்டு 90 நாள் நோட்டீஸையும் வேண்டாம்னு சொல்லிடுச்சு. அந்த 90 நாள் சிட்டி எதிர்ப்பு சொல்லறதுக்கான காலம், நாங்களே கேட்டு வாங்கறதால காத்திருக்க அவசியமில்ல. அப்பாடான்னு உக்காந்தா, எல்லை விவரத்துல ஒரு தூர எண்ல ரெண்டு இலக்கம் எடம் மாறியிருக்கு. நானே பாத்து ஓகே சொன்ன பக்கம் அது. அதை சரி பண்ணி முடிக்கறதுக்குள்ள கலிஃபோர்னியா டிரான்ஸ்போர்ட்டேஷன் கமிஷனோட ஒரு மீட்டிங் தவறிப் போச்சு. அடுத்த மீட்டிங்ல எங்க ஐட்டம் கன்சென்ட் லிஸ்ட்ல, பேச்சே இல்லாம மொத்தமா ஒரே ஓட்டுல போயிடுச்சு. நான் கோட்டு போட்டு ரெடியா லைவ்ல பாத்துட்டு இருந்தேன், காபி எடுக்கப் போயிட்டு வந்தா முடிஞ்சிருக்கு, மூணு வருஷம்!

ஆனா ஓட்டு விழுந்த அன்னிக்கு ரோடு நம்மளுது ஆகாது. தீர்மானம் கவுன்டி ரெக்கார்டர் ஆபீஸ்ல பதிவாகணும், பதிவான தேதிக்கு மறுநாள்தான் அமல். அந்தத் தேதி எப்பன்னு முன்கூட்டியே உறுதியா தெரியாது, அதனால மின்சார மீட்டர் கணக்கு மாத்தறது, தோண்டறதுக்கு முன்னாடி கூப்பிட வேண்டிய 811 நம்பருக்கு கூப்புட்டு தோண்டறவங்களுக்கு எங்க சிக்னல் ஒயரைக் காட்டறதுக்கு ஆள் வெக்கறது எல்லாம் அந்தரத்துல நின்னுச்சு. போலீஸ் டிபார்ட்மெண்ட் லெஃப்டினன்ட் ஒருத்தர் போன் பண்ணி, ஸ்பீடு சர்வே (வண்டிங்க எவ்வளவு வேகத்துல போகுதுன்னு எடுக்கற கணக்கு) உங்க பேர்ல இருக்கான்னு கேட்டாரு. காலாவதி ஆகாத அந்த சர்வே இல்லாம ரேடார் வெச்சு டிக்கெட் குடுத்தா இந்த ஸ்டேட்ல அது ஸ்பீடு ட்ராப், கோர்ட்ல நிக்காது. நல்லவேளை அதை மட்டும் முன்னாடியே பண்ணி வெச்சிருந்தோம், என் வாழ்க்கையில நான் டைமுக்கு பண்ண ஒரே வேலை.

பதிவான மறுநாள் வியாழக்கிழமை. காலைல 5:40க்கு போன், தியேட்டர் முனையில சிக்னல் நாலு பக்கமும் சிவப்பு மின்னிட்டு நிக்குதுன்னு. பழைய பழக்கத்துல ஸ்டேட் நம்பரைக் குடுக்க வாயெடுத்தேன். அப்புறம் ஷூ போட்டுக்கிட்டு நானே கெளம்பினேன்.

அந்த இரும்பு பைப் இன்னும் மாறல, டெண்டர் அடுத்த மாசம். லைப்ரரி எதிர்ல கிராஸ்வாக் மட்டும் போட்டாச்சு, ஆறு வாரத்துல.