இன்னும் போடவில்லை

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் குளியலறைத் தரையில் கால் வைத்ததும் சுரீரென்றது. வருஷா வருஷம் எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து இந்தத் தரையில்தான் தொடங்கும். ஹீட்டிங்கை எப்போது போடுவது?

இவரைக் கேட்டால் இன்றைக்கே. என்னைக் கேட்டால் நவம்பர் 1. ஏன் நவம்பர் 1 என்று கேட்டால் என்னிடம் உருப்படியான காரணம் இல்லை. போன வருஷம் அக்டோபர் 29 வரை தாக்குப்பிடித்தேன், இந்த வருஷம் அதைவிட மூன்று நாள் கூட இருந்து பார்க்கலாமே என்ற வீம்புதான். பில்லைச் சொல்லிச் சமாளித்துக்கொள்வேன்.

இந்த முறை தேதி போட்டு எழுதிவைக்கப் போகிறேன். இன்னொரு மாற்றமும் உண்டு. அத்தை இப்போது எங்களோடு இருக்கிறார். பின்பக்க அறை அவருக்கு.

அக்டோபர் 3, வெள்ளி

இன்னும் போடவில்லை.

ஹீட்டிங்கை வேண்டிய சூட்டில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் 19.5 என்று காட்டுகிறது. "பார்த்தீங்களா, இருபதுக்கு அரை டிகிரிதான் குறைச்சல்" என்று இவரிடம் பெருமையாகச் சொன்னேன். "அது கூடத்துச் சுவரில் இருக்கு, கூடத்தைத்தான் சொல்லும்" என்றார். நியாயம்தான். மதியம் முழுக்க வெயில் விழும் கூடம் அது. நான்கு பேரும் டிவியும் வேறு அங்கேதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளே கிட்டத்தட்ட 100 வாட் வெப்பம் விடுகிறார். நாங்கள் நால்வருமே ஒரு சின்ன ஹீட்டர்தான்.

அதனால், ஈரப்பதமும் சேர்த்துக் காட்டும் சின்ன தெர்மாமீட்டர்கள் மூன்று வாங்கி ஆளுக்கு ஒரு அறையில் வைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு எங்கள் அறை 18.4, மகள் அறை 18.6, அத்தை அறை 17.2. அத்தையின் அறைக்கு இரண்டு பக்கம் வெளிச்சுவர், வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. ஒரே வீட்டுக்குள் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அத்தையிடம் கேட்டேன். "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றைக்குச் சண்டை ஸ்வெட்டர் பற்றி. வழக்கம்போல "இன்னொரு ஸ்வெட்டர் போடுங்க" என்றேன். இவர் உள்ளே போய் இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு ஜாக்கெட், தலைக்குக் குல்லாய் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

உடைக்கும் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். பெயர் 'க்ளோ', 1941இல் வந்தது. கோட்டு சூட்டு போட்ட ஒருவர், சுமார் 21 டிகிரி அறையில் அசையாமல் உட்கார்ந்து சௌகரியமாக இருக்கிறார் என்றால் அவர் உடுத்தியிருப்பது 1 க்ளோ. ஒரு ஸ்வெட்டர் ஏறக்குறைய 0.3. ஆக, ஸ்வெட்டருக்குப் பலன் உண்டு. என் கட்சி சரிதான்.

ஆனால் அந்தக் கணக்கில் 'அசையாமல்' என்ற சொல் உறுத்துகிறது. வீட்டு வேலையில் ஓடிக்கொண்டிருக்கும் உடம்பு, உட்கார்ந்திருக்கும் உடம்பைப் போல இரண்டு மடங்கு வெப்பம் உண்டாக்கும். நான் துணி எடுப்பதும் வீடு பெருக்குவதுமாக மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குகிறேன். இவர் எட்டு மணி நேரம் விரல்களை மட்டும் அசைக்கிறார். இத்தனை வருஷமாக எனக்குக் குளிர் தாங்கும் உடம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

(இதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை.)

அக்டோபர் 11, சனி

போடுகிறோமோ இல்லையோ, போட்டால் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று முடிவானது. குளிர் உச்சத்தில் இருக்கும்போது பாய்லர் மக்கர் செய்தால், ஊரில் எல்லாருக்கும் அதே நேரத்தில்தான் மக்கர் செய்திருக்கும். மெக்கானிக் கிடைக்கமாட்டார்.

இருபது நிமிஷம் ஓடவிட்டோம். சோதனை ஓட்டம், கணக்கில் சேராது. கோடை முழுக்கப் படிந்த தூசி கருகும் வாசனை வீடெங்கும் வந்தது. கூடத்து ரேடியேட்டர், அதாவது பாய்லர் சூடாக்கி அனுப்பும் தண்ணீர் ஓடும் சுவர்த் தகடு, கீழே சுட்டது, மேலே சில்லென்று இருந்தது. உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அணைத்து, ஆறவிட்டு, கீழே பழந்துணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மேல் மூலையில் இருக்கும் சதுரத் திருகைச் சாவியால் இடப்பக்கம் கால் சுற்றுத் திருப்பினேன். உஸ்ஸென்று காற்று போனது. ஒரு நிமிஷம் கழித்துச் சீறல் தடுமாறி, துப்பித் துப்பிக் கறுப்புத் தண்ணீர் வந்தது. உடனே மூடிவிட்டேன். பழந்துணியில் விழுந்த கறை போகவே போகாது போலிருக்கிறது. காற்று போனதால் பாய்லரில் அழுத்தம் 1 பாருக்குக் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் விட்டு 1.3க்கு ஏற்றினார் இவர்.

அத்தை அறை ரேடியேட்டர் சூடாகவே இல்லை. காற்றும் இல்லை. பக்கவாட்டில் 1, 2, 3 என்று எண் போட்ட குமிழைக் கழற்றினால், உள்ளே பென்சில் முனை மாதிரி ஒரு சின்ன ஊசி. அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் துள்ளி வெளியே வர வேண்டும். உள்ளேயே சிக்கிக் கிடந்தது. மாதக்கணக்கில் மூடியே வைத்திருந்ததால் வந்த வினை. ஸ்பேனரின் பின்பக்கத்தால் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, இடுக்கியால் பிடித்து லேசாக அசைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டதும் அசைந்துகொடுத்தது. அடுத்த கோடையில் எல்லாக் குமிழையும் முழுக்கத் திறந்தே வைக்க வேண்டும். எழுதிவைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 1 வரை போடாமலே இருந்திருந்தால், அந்த அறை சூடாகாது என்பதே நவம்பர் 1 அன்றுதான் தெரிந்திருக்கும்.

பாய்லர் சரியாக எரியாவிட்டால் வரும் நச்சு வாயுவுக்கான கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானையும் அழுத்திப் பார்த்தோம். வீடு அதிர்ந்தது. அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கத்துவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

இவருடைய புது வாதம்: "போட்டு அணைச்சுப் போட்டு அணைச்சுப் பண்றதைவிட, நாள் முழுக்கக் குறைவா ஓடவிட்டா செலவு கம்மி." அலுவலகத்தில் யாரோ சொன்னாராம்.

எங்கள் வீட்டுக்கு இது பொருந்தாது. வீடு இழக்கும் வெப்பம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வீடு எவ்வளவு நேரம் ஆறிக் கிடக்கிறதோ, அவ்வளவு நேரம் இழப்பும் குறைவு. மறுபடி சூடேற்ற ஆகும் செலவு அந்த மிச்சத்தை விழுங்கிவிடாது. பாய்லருக்குப் பதில் வெப்ப பம்ப் (வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் மின் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் கதை வேறு. அது நிதானமாக, குறைந்த சூட்டில் நெடுநேரம் ஓடினால்தான் திறமையாக வேலை செய்யும். அலுவலகத்து நண்பர் வீட்டில் அதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதே கணக்கில் இன்னொன்றும் கிடைத்தது. வெளியே 10, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 10. உள்ளே ஒரு டிகிரி குறைத்தால் இழப்பில் பத்தில் ஒரு பங்கு மிச்சம். வெளியே 0 என்றால் அதே ஒரு டிகிரிக்கு இருபதில் ஒரு பங்குதான். இந்த மாதத்துச் சிக்கனம், விகிதத்தில் பார்த்தால், ஜனவரிச் சிக்கனத்தைவிடப் பெரிது. இது என் கட்சிக்கு வலு. இவரிடம் உடனே சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

மூன்று நாளாக விடாத மழை. துணியெல்லாம் உள்ளேதான் காய்கிறது. காயவில்லை, தொங்குகிறது.

கூடத்தில் இப்போது 18. போன வாரமும் ஒரு நாள் 18 இருந்தது, அன்றைக்கு இவ்வளவு குளிரவில்லை. சுவர்தான் காரணம். மூன்று நாள் வெயில் இல்லாமல் செங்கல் ஆறிவிட்டது. நம் உடம்பு காற்றுக்கு மட்டும் வெப்பம் கொடுப்பதில்லை, எதிரே இருக்கும் சுவருக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் சேர்த்துக் கொடுக்கிறது. நமக்குத் தெரியும் குளிர், காற்றின் வெப்பத்துக்கும் சுற்றியுள்ள சுவர்களின் வெப்பத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. தெர்மாமீட்டர் காற்றை மட்டும் சொல்கிறது.

காலையில் எல்லா ஜன்னலும் உள்பக்கம் வியர்த்திருந்தது. மகள் தன் பெயரை எழுதி, பக்கத்தில் பூனை வரைந்தாள். பூனையின் வால் வழிந்து மரச்சட்டத்தில் தேங்கியது.

அக்டோபர் 17, வெள்ளி

அத்தையின் அலமாரியை நகர்த்தினேன். சுவரை ஒட்டிப் போட்டிருந்தோம். பின்னால், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு, மிளகைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. தடவினால் சுவர் ஈரமாக இல்லை, சில்லென்று மட்டும் இருந்தது.

அறையில் 17 டிகிரி, ஈரப்பதம் 72. அந்தக் காற்று சுமார் 12 டிகிரிச் சுவரைத் தொட்டாலே தண்ணீராகிவிடும். பூஞ்சைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதும் இல்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் நாள்கணக்கில் எண்பதுக்கு மேல் நின்றால் போதும், முளைத்துவிடும். காற்று புக வழியில்லாத அலமாரி முதுகு அதற்கு நல்ல இடம்.

துடைத்தேன். அலமாரியை ஒரு சாண் தள்ளிப் போட்டேன். துணிக் கொடியைக் குளியலறைக்கு மாற்றி, கதவைச் சாத்தி, விசிறியை ஓடவிட்டேன். எல்லா ஜன்னலையும் பத்து நிமிஷம் அகலத் திறந்து மூடினேன். குளிர் நாளில் ஜன்னலைத் திறக்கிறாளே என்று இவர் பார்த்தார். வெளியே ஈரமாகத் தெரிந்தாலும், குளிர்ந்த காற்றில் இருக்கும் நீராவி கொஞ்சம்தான். உள்ளே வந்து சூடானதும் அது வறண்ட காற்று. சூடாக்கினால்தானே, என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

போட்டாயிற்று.

காலை ஆறரை மணிக்கு அத்தை அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையைச் சுற்றிச் சால்வை, கைகள் இரண்டும் தொடைக்கு நடுவே. தெர்மாமீட்டர் 15.6. "குளிருதா அத்தை?" என்றேன். "இல்லைம்மா." கையைப் பிடித்துப் பார்த்தேன். ரேடியேட்டர் குழாய் மாதிரி சில்லென்று இருந்தது. விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

பொய் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். பில் கூடுமே என்று நமக்காக மறைக்கிறார் என்று. பாதி அதுதான். மீதிப் பாதியை இப்போதுதான் தேடிப் படித்தேன். வயதானால் குளிரை உணரும் திறனே மங்கிவிடுகிறது. உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும், ஆளுக்குத் தெரியாது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும், அதுவும் தெரியாது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி. அதுவே பொதுவானவர்களுக்கு. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதற்கு மேலும் தேவைப்படலாம் என்கிறது. மூன்று வாரமாக நான் "குளிருதா?" என்று கேட்டுக் கேட்டு, "இல்லை" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். தெர்மாமீட்டரை அந்த அறையில் வைத்தவளும் நான்தான்.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

தெர்மோஸ்டாட்டை 20இல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் 28. சீக்கிரம் சூடாகட்டும் என்று மகள் திருகியிருக்கிறாள். எத்தனையில் வைத்தாலும் எங்கள் பாய்லர் ஓடும் வேகம் ஒன்றுதான், 28இல் வைத்தால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். "அப்போ பாட்டிக்கு மட்டும் சீக்கிரம் வராதா?" என்றாள். அதற்கு வழி இருந்தது. கூடம் முதலில் சூடாகித் தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதபடி, கூடத்து ரேடியேட்டர் குமிழை 2க்குக் குறைத்து, அத்தை அறையில் 4 வைத்தோம்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு அத்தை அறை 18.9.

அக்டோபர் 23, வியாழன்

வெளியே திடீரென்று 17 டிகிரி, நல்ல வெயில். காலையில் அணைத்துவிட்டேன். முன்பெல்லாம் ஒரு முறை போட்டால் வசந்தம் வரை அணைப்பதில்லை. அதனால்தான் போடும் நாளை அவ்வளவு பெரிய விஷயமாக்கி வைத்திருந்தேன் போல. அணைப்பதற்கும் அதே பொத்தான்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரைகளை இழுத்துவிட்டோம். ஜன்னல் கீழே இருக்கும் ரேடியேட்டரை மூடாதபடி இவர் திரையின் அடியை மடித்துத் தைத்திருக்கிறார். தையல் கோணல்.

அக்டோபர் 26, ஞாயிறு

இரவுகள் 4, 5 என்று இறங்குகின்றன. மறுபடி ஓடுகிறது. காலை ஐந்தரைக்கு ஒரு முறை, மாலை ஒரு முறை. பாய்லர் அனுப்பும் தண்ணீரின் சூட்டை 75இலிருந்து 60க்குக் குறைத்தார் இவர். தண்ணீர் 55க்குக் கீழே ஆறித் திரும்பி வந்தால்தான் புகையில் போகும் நீராவி குளிர்ந்து, அதன் வெப்பமும் நமக்குக் கிடைக்குமாம். வீடு சூடாகக் கொஞ்சம் நேரம் கூட ஆகிறது. சுவரில் புதிதாகப் புள்ளி இல்லை, ஈரப்பதம் 58.

அத்தை தெர்மாமீட்டரைத் தன் தலையணைப் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் நான் கதவைத் திறந்ததும், கேட்பதற்கு முன்னாலேயே, "பதினெட்டரை" என்றார். கண்ணாடி போட்டு இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "பதினெட்டு புள்ளி நாலு" என்று திருத்தினார்.